கணக்குப் போடுகிறவர் ஏன் கணக்கில் இல்லை?

நடுவர் ஐயா அவர்களுக்கும், இவ்வளவு நேரம் எங்கள் அணியைப் பொரித்தெடுத்த எதிரணி நண்பர்களுக்கும், பின்னால் சாப்பாடு தயாராகிவிட்டது என்று வாசனையிலேயே தெரிந்தும் இன்னும் எழுந்துபோகாமல் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம்.

தலைப்பை ஒருமுறை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எதிரணித் தம்பி பேசி முடித்தபோது எனக்கே அது மறந்துபோயிருந்தது. "சினிமாவில் பலரைக் காப்பாற்றச் சிலரைப் பலிகொடுப்பவர் செய்வது கடமையா, குற்றமா?" அவர்கள் கடமை, நாங்கள் குற்றம். தம்பி என்ன செய்தார்? 'ஸ்டார் ட்ரெக்' விண்வெளிப் படத்து ஸ்பாக்கைக் கூட்டிவந்தார், 'அவெஞ்சர்ஸ்' படத்து நாயகன் டோனி ஸ்டார்க்கைக் கூட்டிவந்தார், இரண்டு பேரும் சாகிற காட்சியை நடித்தே காட்டினார், நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். ஆனால் தம்பி, அந்த இரண்டு பேரும் எங்கள் அணி ஆட்களப்பா!

1982ல் வந்த இரண்டாவது ஸ்டார் ட்ரெக் படத்தில் விண்கலம் அழியப் போகிறது. கதிர்வீச்சு நிறைந்த அறைக்குள் யாராவது ஒருவர் போய் எந்திரத்தைச் சரிசெய்தால்தான் மற்றவர்கள் பிழைக்க முடியும். ஸ்பாக் போகிறார். பலருடைய தேவை சிலருடைய தேவையைவிடப் பெரிது என்று அவர் சொல்வதைத் தம்பி நமக்குச் சொன்னார், சரி. அதைச் சொன்னவர் யாரைப் பிடித்து அந்த அறைக்குள் தள்ளினார்? தடுக்க வந்த டாக்டரை மயங்க வைத்துவிட்டுத் தானே உள்ளே போனார். டோனி ஸ்டார்க்கும் அப்படித்தான், எதிரியை அழிக்கிற, போட்டவரையும் கொல்கிற அந்த மாயக் கற்களைத் தன் கையில் மாட்டிக்கொண்டார், பக்கத்தில் நின்றவர் கையில் மாட்டிவிடவில்லை. தன் உயிரைத் தானே கொடுப்பதை எதிர்த்து இந்த மேடையில் யாரும் பேச வரவில்லை. புறாவுக்காகத் தன் சதையை அறுத்துக் கொடுத்த சிபியைக் கொண்டாடுகிற ஊர் நம் ஊர். அந்த சிபி, பக்கத்தில் சாமரம் வீசிக்கொண்டிருந்த ஆளைக் கூப்பிட்டு அவன் தொடையை அறுத்துத் தராசில் வைத்திருந்தால் கொண்டாடியிருப்போமா? இன்றைக்கு நாம் பேசவேண்டியது அந்தச் சாமரக்காரனின் தொடையைப் பற்றி.

தம்பி இரண்டாவது படத்தோடு டிவியை அணைத்துவிட்டார் போலிருக்கிறது. 1984ல் மூன்றாவது படம் வந்தது. அதே ஸ்பாக்கை மீட்கக் கேப்டன் கிர்க் உத்தரவை மீறிப் போகிறார், போன இடத்தில் கலத்தை இழக்கிறார், பெற்ற மகனை இழக்கிறார். எதற்காக இதையெல்லாம் செய்தாய் என்று ஸ்பாக் கேட்கும்போது, ஒருவனுடைய தேவை பலருடைய தேவையைவிடப் பெரிதாகப் பட்டது என்கிறார். ஒரே கதை, இரண்டே வருடம். தனக்கென்று வரும்போது ஒரு கணக்கு, நண்பனுக்கென்று வரும்போது இன்னொரு கணக்கு. அதில் முரண்பாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஒழுங்கான மனிதன் அப்படித்தான் இருப்பான்.

சரி, 'அவெஞ்சர்ஸ்' படங்களின் வில்லன் தானோஸுக்கு வருகிறேன். எதிரணியிலேயே யாரும் அவர் பெயரை எடுக்கவில்லை, கவனித்தீர்களா? ஏன்? உங்கள் வாதத்தை முழு மூச்சாகச் செய்து காட்டியவர் அவர்தானே! 2018 படத்தில் பாதி உயிர்களை அழித்தால் மீதிப் பாதி வயிறாரச் சாப்பிடும் என்று கணக்குப் போட்டு, விரலைச் சொடுக்கி, பாதி அண்டத்தைத் தூசாக்கிவிட்டுக் குடிசை வாசலில் உட்கார்ந்து சூரியனைப் பார்க்கிறார். நடுவில் வளர்ப்பு மகளை மலை உச்சியிலிருந்து தள்ளிவிடும்போது அழவும் செய்கிறார். அந்தக் கண்ணீரில்தான் நம்மில் பாதிப் பேர் வழுக்கி விழுந்தோம். "பாவம், அவருக்கும் வலிக்கிறது" என்றோம். அழுதுகொண்டே தள்ளினால் விழுகிறவளுக்கு வலி குறையுமா?

அதைவிட முக்கியமானது அடுத்த வருடம் வந்த படத்தில் இருக்கிறது. கடந்த காலத்திலிருந்து வரும் தானோஸ், பிழைத்த பாதி தனக்கு நன்றி சொல்லவில்லை, செத்தவர்களையே நினைத்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள்கிறார். தெரிந்ததும் என்ன முடிவெடுக்கிறார்? எல்லோரையும் அழித்துவிட்டு, நன்றியுள்ள புது அண்டம் ஒன்றைச் செய்யப் போகிறேன் என்கிறார். மீதிப் பாதியைக் காப்பாற்றத்தானே ஐயா இவ்வளவும் செய்தீர்கள், அந்தப் பாதி என்ன ஆயிற்று? பலரைக் காப்பதற்காகச் சிலரைக் கொல்லத் துணிகிறவருக்கு அந்தப் பலரின் மீதும் பெரிய பாசம் இல்லை, கணக்கு சரியாக வரவேண்டும் என்கிற பிடிவாதம்தான். பொழுதுபோக்குப் படம்தான், பொம்மை விற்கிற படம்தான், ஆனாலும் இந்த இடத்தை எழுதியவர்களுக்கு மனித சுபாவம் தெரிந்திருக்கிறது.

எதிரணி அக்கா பேசும்போது 'ஐ இன் த ஸ்கை' படத்தைச் சொன்னார். அப்போது எனக்கு உண்மையிலேயே கொஞ்சம் உதறல் எடுத்தது, ஏனென்றால் அது சுலபமான படம் இல்லை. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நைரோபியில் ஒரு வீடு. உள்ளே அல் ஷபாப் என்கிற தீவிரவாத அமைப்பின் ஆட்கள் இரண்டு தற்கொலைத் தாக்குதலுக்கு வெடிகுண்டு அங்கி தயார் செய்கிறார்கள். ட்ரோன் மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது, ஏவுகணை விட்டால் அவர்கள் கதை முடிந்தது. வீட்டின் மதிலோரம் ஆலியா என்கிற சின்னப் பெண் மேசை போட்டு ரொட்டி விற்கிறாள். விட்டால் அவள் சாகலாம், விடாவிட்டால் ஏதோ ஒரு கூட்டத்தில் எண்பது பேர் சாகலாம். என்ன செய்வது?

அக்கா இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, "எண்பதா ஒன்றா, நீங்களே சொல்லுங்கள்" என்று உங்களைப் பார்த்துக் கேட்டார். நியாயமான கேள்வி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் படம் அங்கே நிற்கவில்லை அக்கா. அந்த முடிவை எடுக்கிறவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஹெலன் மிரன் நடித்த கர்னல் இங்கிலாந்தில் ஒரு கட்டளை அறையில். பொத்தானை அழுத்துகிற விமானி அமெரிக்காவில் நெவாடாவில். அமைச்சர்களும் ஆலோசகர்களும் லண்டனில் ஒரு மேசையைச் சுற்றி, பிஸ்கட்டோடு. பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் சிங்கப்பூரில் வயிற்றுக் கோளாறோடு. அமெரிக்க அமைச்சர் சீனாவில் டேபிள் டென்னிஸ் விளையாடிக்கொண்டு. இத்தனை பேரும் சேர்ந்து ஒரு தெருவைப் பற்றி முடிவு செய்கிறார்கள், அந்தத் தெருவில் இவர்களில் ஒருவர்கூட இல்லை. தெருவில் இருக்கிற ஒரே ஆள் உளவு வேலைக்கு வந்த உள்ளூர்க்காரர். அவர் என்ன செய்கிறார்? உயிரைப் பணயம் வைத்துப் போய் அவள் ரொட்டி மொத்தத்தையும் காசு கொடுத்து வாங்கப் பார்க்கிறார், விற்றுத் தீர்ந்தால் வீட்டுக்குப் போய்விடுவாளே என்று. பக்கத்தில் நிற்கிறவருக்கு மூன்றாவது வழி தோன்றுகிறது. திரையில் பார்க்கிறவர்களுக்கு இரண்டே வழிதான் தெரிகிறது.

அப்புறம் அந்தச் சதவீதக் காட்சி. சிறுமி சாக எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று கணக்கிட ஒரு சார்ஜென்ட் இருக்கிறார். அவர் சொல்கிற எண் ஐம்பதுக்கு மேலே இருக்கிறது. ஐம்பதுக்குக் கீழே வந்தால்தான் மேலிடம் கையெழுத்துப் போடும். கர்னல் அவர் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, குறி வைக்கிற இடத்தைக் கொஞ்சம் நகர்த்திப் பார், இன்னும் கொஞ்சம் பார், எனக்கு ஐம்பதுக்குக் கீழே வேண்டும் என்கிறார். எண் இறங்குகிறது. தெருவில் எதுவும் மாறவில்லை, சிறுமி அதே மேசைக்குப் பின்னால்தான் நிற்கிறாள், காகிதத்தில் மட்டும் அவள் கொஞ்சம் பத்திரமாகிவிட்டாள்! ஆபீசில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் இந்தக் காட்சி தெரியும், முடிவை முதலில் எடுத்துவிட்டு அதற்கு ஏற்ற எண்ணைப் பிறகு தேடுகிற கூட்டத்தில் நாம் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறோம். ஏவுகணை விழுகிறது, ஒன்று போதாமல் இரண்டாவதும் விழுகிறது, ஆலியா சாகிறாள்.

இந்தப் படத்தில் எனக்கு ரொம்ப உறைத்தது வேறொன்று. லண்டன் மேசையில் ஒருவர் மட்டும் ஏவுகணை வேண்டாம் என்று பிடிவாதமாகச் சொல்கிறார். நம் அணிதான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். காரணம் என்ன சொல்கிறார் தெரியுமா? எண்பது பேரை அவர்கள் கொன்றால் பழி அவர்களுக்கு, ஒரு சிறுமியை நாம் கொன்றால் பழி நமக்கு. அவரும் கணக்குத்தான் போடுகிறார். சிறுமியைக் காப்பாற்றச் சொல்பவருக்குக்கூடச் சிறுமி கண்ணில் படவில்லை. இந்தப் படத்தை எங்களுக்கு எதிராகக் கொண்டுவந்தீர்களே அக்கா, இதற்கு மேல் எங்களுக்குச் சாதகமான சாட்சியை நாங்கள் எங்கே போய்த் தேடுவோம்?

இப்போது சினிமாவே செய்கிற ஒரு தந்திரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். 1967ல் பிலிப்பா ஃபுட் என்கிற ஆங்கிலேயத் தத்துவவாதி ஒரு உதாரணம் எழுதினார், பிரேக் பிடிக்காத ட்ராம், ஒரு தடத்தில் ஐந்து பேர், இன்னொரு தடத்தில் ஒருவர். அவர் ஒரு கட்டுரையில் சின்னதாகச் சொல்லிவிட்டுப் போனதை உலகமே பிடித்துக்கொண்டது. அந்த உதாரணத்தில் எல்லாம் முன்கூட்டியே தெரியும். ஐந்து பேர் நிச்சயம் சாவார்கள், திருப்பினால் நிச்சயம் பிழைப்பார்கள், வேறு வழி நிச்சயம் இல்லை. ட்ராமை ஏன் பராமரிக்கவில்லை என்று கேட்கக்கூடாது. சினிமா செய்வதும் அதுதான். திரைக்கதை எழுதியவர் எல்லா வழியையும் பூட்டிவிட்டுச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு, "பார், வேறு வழியில்லை" என்கிறார். நாமும் தலையாட்டுகிறோம்.

சந்தேகமாக இருந்தால் 2014ல் வந்த 'த இமிடேஷன் கேம்' பாருங்கள். ஜெர்மானியரின் ரகசியக் குறியீட்டை உடைத்துவிட்டார்கள், ஒரு கப்பல் கூட்டம் தாக்கப்படப்போவது தெரிந்துவிட்டது, எச்சரித்தால் குறியீடு உடைந்தது எதிரிக்குத் தெரிந்துவிடும். அந்தக் கப்பலில் குழுவில் ஒருவரின் அண்ணன் இருக்கிறான்! குறியீட்டை உடைத்த குழுவின் நாயகன் டூரிங் மனதைக் கல்லாக்கிக்கொண்டு எச்சரிக்க வேண்டாம் என்கிறார். நல்ல காட்சி, தொண்டை அடைக்கும். ஆனால் அது நடக்கவில்லை. அப்படி ஒரு அண்ணனும் இல்லை, கிடைத்த தகவலை எப்படிப் பயன்படுத்துவது என்று முடிவெடுத்தது குறியீட்டை உடைத்தவர்களும் இல்லை. நாயகனைப் பெரிய ஆளாகக் காட்ட ஒரு பலி தேவைப்பட்டது, எழுதிச் சேர்த்துவிட்டார்கள்.

நடந்த கதை ஒன்று சொல்லட்டுமா? இதற்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள் நடுவர் ஐயா, இன்றைய தலைப்புக்கு இதைவிட நெருக்கமான வழக்கு எனக்குத் தெரியாது. 1841 ஏப்ரல் 19 இரவு, லிவர்பூலிலிருந்து ஃபிலடெல்ஃபியா போய்க்கொண்டிருந்த 'வில்லியம் பிரவுன்' என்ற கப்பல் வட அட்லாண்டிக்கில் பனிப்பாறையில் மோதியது. பயணிகளில் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி அமெரிக்கா கிளம்பிய அயர்லாந்து, ஸ்காட்லாந்து ஏழைகள். முப்பதுக்கும் மேற்பட்ட பயணிகளுக்குப் படகில் இடமே கிடைக்கவில்லை, கப்பலோடு போய்விட்டார்கள். பெரிய படகில் நாற்பது பேருக்கு மேல் நெருக்கியடித்துக்கொண்டு ஏறினார்கள். படகில் ஓட்டை, அலை உள்ளே அடிக்கிறது. அடுத்த இரவு மாலுமிகள் பயணிகளை ஒவ்வொருவராகத் தூக்கிக் கடலில் போட்டார்கள். ஒரு டஜனுக்கு மேல். மறுநாள் காலை வேறொரு கப்பல் வந்து மீதிப் பேரைக் காப்பாற்றியது. காப்பாற்றப்பட்டவர்களைப் பார்த்தால், அந்தப் படகில் ஏறிய மாலுமிகள் அத்தனை பேரும் உயிரோடு இருந்தார்கள். ஒரு மாலுமியைக்கூடப் போடவில்லை.

ஹோம்ஸ் என்கிற மாலுமி மட்டும் 1842ல் ஃபிலடெல்ஃபியா நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். கெட்டவர் இல்லை, மூழ்குகிற கப்பலுக்குத் திரும்பிப்போய் ஒரு பெண்ணைத் தூக்கிவந்தவர். அவர் தரப்பில் சொன்ன வாதம் இன்று எதிரணி சொன்னதேதான், சிலரைப் போட்டதால்தான் பலர் பிழைத்தார்கள். நீதிபதி ஒத்துக்கொள்ளவில்லை. படகை ஓட்டத் தேவையான மாலுமிகள் போக மீதி மாலுமிகள் பயணிகளுக்கு முன்னால் போகவேண்டும், அதற்கும் மேல் ஆள் குறைக்கவேண்டுமென்றால் சீட்டுக் குலுக்கிப் போடவேண்டும் என்றார். குற்றவாளி என்று தீர்ப்பு. ஆறு மாதச் சிறை, 20 டாலர் அபராதம். தண்டனை குறைவு என்று நீங்கள் சொல்லலாம், நானும் அப்படித்தான் நினைக்கிறேன், ஆனால் குற்றம் குற்றம்தான் என்று எழுதி வைத்துவிட்டார்கள்.

இதை சினிமா என்ன செய்தது? 1957ல் 'அபாண்டன் ஷிப்' என்று டைரோன் பவரை வைத்து எடுத்தார்கள். சாதாரண மாலுமி அங்கே படகுக்கே தலைவராகிவிட்டார். காயம்பட்டவர்கள், பலவீனமானவர்கள் முதலில் போகவேண்டும், துடுப்புப் போடுகிறவர்கள் இருக்கவேண்டும் என்று அவர் முடிவெடுக்கிறார், புயலும் சரியான நேரத்தில் வந்து அவர் முடிவு சரிதான் என்று சாட்சி சொல்கிறது. கடைசியில் நீங்கள் ஜூரியாக இருந்தால் என்ன தீர்ப்பு சொல்வீர்கள் என்று நம்மையே கேட்கிறது படம். கேட்பதெல்லாம் சரி. கடலில் விழுந்தது யார், படகில் இருந்தது யார் என்கிற விவரத்தை மறைத்துவிட்டு ஜூரியிடம் கேட்டால் ஜூரி என்ன சொல்வார்? வள்ளுவர் இந்த இடத்துக்கே எழுதினது மாதிரி ஒன்று இருக்கிறது.

"நன்றாகும் ஆக்கம் பெரிதெனினும் சான்றோர்க்குக்
கொன்றாகும் ஆக்கம் கடை."

லாபம் பெரிது என்பதை அவர் மறுக்கவில்லை பாருங்கள். 'பெரிதெனினும்' என்று எதிரணியின் கணக்கை முழுசாக ஒத்துக்கொண்ட பிறகுதான், கொன்று வருகிற லாபம் கடைசி என்கிறார்.

அதற்கு அக்கா முன்னாலேயே ஒரு குறளைப் போட்டு மறித்துவிட்டார், கொடியவர்களை அரசன் ஒறுப்பது பயிரைக் காக்கக் களை எடுப்பது போல என்கிற 550வது குறள். நல்ல குறள். அதில் எடுப்பது களையை. ஆலியா களையா? அயர்லாந்திலிருந்து வந்த கூலிக்காரர் களையா? பயிரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வள்ளுவரைக் கையெழுத்துப் போடச் சொல்லாதீர்கள். விதுரரையும் அப்படித்தான் இழுத்துவந்தார், குலத்துக்காக ஒருவனை விடு, ஊருக்காகக் குலத்தை விடு என்று. விதுரர் யாரை விடச் சொன்னார்? துரியோதனனை! அரசன் பெற்ற மகனை, ஆபத்தைக் கொண்டுவருகிறவனை. அரண்மனைக்குள் இருக்கிறவனை விடு என்று அரசன் முகத்துக்கு நேரே சொன்னார், அதனால்தான் அது நீதி. வாசலில் நிற்கிற தேரோட்டி பையனை விடு என்று சொல்லியிருந்தால் திருதராஷ்டிரர் அன்றைக்கே சரியென்று சொல்லியிருப்பார்.

அதே பாரதத்தில் பகாசுரன் இருக்கிறான். தினம் ஒரு ஆளைக் கொடுத்தால் ஊரை விட்டுவிடுவேன் என்கிறான், ஊரும் முறை போட்டு அனுப்பிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு சுத்தமான கணக்கு! குந்தி வந்துதான் முறையை நிறுத்தினாள், அவள் அனுப்பியது தன் மகனை, அதுவும் அரக்கனை அடிக்கத் தெரிந்தவனை.

அரவானைச் சொல்லாமல் போனால் கூத்தாண்டவர் கோவித்துக்கொள்வார். போரில் வெல்ல எல்லா லட்சணமும் உள்ள ஒருவனைக் களப்பலி கொடுக்கவேண்டும். அந்த லட்சணம் கண்ணனுக்கும் இருந்தது, அர்ச்சுனனுக்கும் இருந்தது. அவர்கள் இருவரும் போருக்குத் தேவையாம். அப்போது மாட்டினது யார்? நாகர் குலத்துப் பெண்ணின் மகன், அரண்மனையில் வளராதவன். அவன் சம்மதித்தான் என்கிறது கதை. சரி, சம்மதித்தான். கேட்ட இடம் எப்படிப்பட்ட இடம், மறுத்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யோசியுங்கள். நம் மக்கள் அந்த வெற்றியைக் கொண்டாடவில்லை. ஒவ்வொரு சித்திரையும் கூவாகத்தில் திருநங்கையர் அவனுக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுத்து ஓலமிட்டு அழுகிறார்கள், குருட்சேத்திரத்தில் பாண்டவர் ஜெயித்தார்களே என்று அங்கே யாரும் ஆறுதல் சொல்வதில்லை.

நிறைய பேர் பேட்மேன் படமான 'த டார்க் நைட்' கப்பல் காட்சியைச் சொல்வீர்கள். சுருக்கமாக முடிக்கிறேன். இரண்டு படகு, ஒன்றில் கைதிகள், ஒன்றில் பொதுமக்கள், எதிர்ப்படகை வெடிக்கவைக்கும் பொத்தான் ஒவ்வொரு படகிலும், முதலில் அழுத்துகிற படகு பிழைக்கும் என்கிறான் வில்லன். பொதுமக்கள் படகில் ஓட்டெடுப்பே நடத்தி, வெடிக்கவைக்கலாம் என்று பெரும்பான்மை வந்துவிடுகிறது. ஓட்டுப்போட்டவர் பலர், பொத்தானை அழுத்தக் கை வந்தவர் ஒருவரும் இல்லை.

ஓட்டு என்றதும் அக்காவின் பெரிய ஆயுதம் ஞாபகம் வருகிறது. 'டெரர்'. ஜெர்மன் வழக்கறிஞர் ஃபெர்டினாண்ட் ஃபான் ஷீராக் எழுதிய நாடகம், 2016 அக்டோபர் 17 அன்று தொலைக்காட்சிப் படமாக வந்தது. கடத்தப்பட்ட விமானம், உள்ளே 164 பேர். 70,000 பேர் உட்கார்ந்திருக்கிற மியூனிக் கால்பந்து மைதானத்தை நோக்கி வருகிறது. போர் விமானியான ஒரு மேஜர், சுடக்கூடாது என்ற உத்தரவை மீறிச் சுட்டு வீழ்த்துகிறார். படம் முழுக்க அவர் மீதான விசாரணை, தீர்ப்பைப் பார்வையாளர்கள் ஓட்டுப்போட்டுச் சொல்லவேண்டும். நூற்றுக்கு 85க்கும் மேற்பட்டவர்கள் விடுதலை என்றார்கள். "மக்கள் தீர்ப்பு வந்தாகிவிட்டது, இனி என்ன பட்டிமன்றம்?" என்று அக்கா கேட்டார்.

வருத்தப்படாதீர்கள் அக்கா, மக்களுக்கு முன்னாலேயே இன்னொரு தீர்ப்பு வந்துவிட்டது. 2005ல் ஜெர்மன் அரசு இப்படி விமானத்தைச் சுட்டு வீழ்த்த அனுமதிக்கும் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. 2006 பிப்ரவரி 15 அன்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தப் பிரிவைத் தூக்கி எறிந்தது. விமானத்தில் இருக்கிறவர்களை மற்றவர்களைக் காக்கும் வெறும் பொருளாக அரசு பயன்படுத்தக்கூடாது. எப்படியும் சாகப்போகிறவர்கள்தானே என்பதும் செல்லாது, மிச்சமிருப்பது பத்து நிமிடம் என்றாலும் அந்த உயிருக்கு அதே பாதுகாப்பு. அதோடு, மேலே என்ன நடக்கிறது என்று கீழே இருப்பவர்களுக்கு உறுதியாகத் தெரிவதே அபூர்வம் என்றும் சொன்னது.

படத்திலேயே இதற்கு விஷயம் இருக்கிறது, ஓட்டுப்போட்டவர்கள் எப்படிக் கடந்துபோனார்களோ தெரியவில்லை. ஒரு பயணியின் மனைவி சாட்சி சொல்கிறார், காக்பிட்டுக்குள் நுழையப் பார்க்கிறோம் என்று கணவரிடமிருந்து செய்தி வந்ததாக. 2001 செப்டம்பர் 11ல் கடத்தப்பட்ட யுனைடெட் 93 விமானத்தில் பயணிகள் நிஜமாகவே அதைச் செய்தார்கள். அரசு வக்கீல் இன்னொன்று கேட்கிறார். மைதானத்தைக் காலி செய்ய நேரம் இருந்ததே, ஏன் யாரும் காலி செய்யச் சொல்லவில்லை? என் பார்வையில் மொத்தப் படமும் இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. மேஜர் சுட்டுவிடுவார் என்கிற நினைப்பு எல்லோருக்கும் உள்ளுக்குள் இருந்தால் மைதானத்தின் கதவைத் திறக்க யாருக்கு அவசரம் வரும்? பலி என்கிற வழி ஒன்று திறந்திருக்கும்வரை மற்ற வழியை யாரும் தேடமாட்டார்கள். பிறகு அந்த வக்கீல் கடைசியாக ஒன்று கேட்கிறார், உங்கள் மனைவி அந்த விமானத்தில் இருந்திருந்தால் சுட்டிருப்பீர்களா? மேஜரிடமிருந்து நேரான பதில் வரவில்லை. 164 என்று அவ்வளவு திடமாக எண்ணியவருக்கு 165 வரும்போது கூட்டல் தெரியாமல் போய்விட்டது.

பாங் ஜூன் ஹோவின் 'ஸ்னோபியர்சர்' 2013ல் வந்தது. உறைந்த உலகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும் ரயில், கடைசிப் பெட்டியில் ஏழைகள், எந்திரப் பெட்டியில் வில்ஃபர்ட் என்கிற முதலாளி. ஆள் கூடினால் குறைக்கவேண்டும் என்பதற்காகக் கலகத்தையே அவர்தான் ஏற்பாடு செய்கிறார். ரயில் நின்றால் எல்லோரும் சாவார்கள், எந்திரத்தின் ஒரு பாகம் தேய்ந்துவிட்டது, அதனால் கடைசிப் பெட்டிக் குழந்தையைத் தரைக்கு அடியில் உட்கார வைத்து அந்த வேலையைச் செய்ய வைக்கிறார். முன்பெட்டிக் குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். கலகத் தலைவன் கர்ட்டிஸ் அங்கே வந்து சேரும்போது வில்ஃபர்ட் அவனைக் கொல்லவில்லை, சாப்பாடு போட்டு, இனி இந்த இடத்தில் நீ உட்கார் என்கிறார். கணக்குப் போடுகிற நாற்காலியைக் கொடுக்கிறார்! கர்ட்டிஸ் கிட்டத்தட்ட உட்கார்ந்தும்விடுகிறான், ஐயா. தரையைப் பெயர்த்துக் குழந்தையைப் பார்த்த பிறகுதான் சக்கரத்துக்குள் தன் கையை விட்டு அதை நிறுத்துகிறான். கை போகிறது.

எதிரணித் தலைவர் கடைசியில் 'ஃபெயில் சேஃப்' படத்தைக் கொண்டுவருவார் என்று அவர் கையிலிருக்கிற தாளைப் பார்த்தாலே தெரிகிறது, அதனால் நானே எடுத்துவிடுகிறேன். சிட்னி லூமெட் 1964ல் எடுத்தது. கோளாறு ஒன்றால் அமெரிக்க விமானங்கள் மாஸ்கோ மீது அணுகுண்டு போடக் கிளம்பிவிடுகின்றன, திருப்பி அழைக்க முடியவில்லை. இது வேண்டுமென்று செய்ததில்லை என்று நிரூபித்து உலகப் போரைத் தடுக்க, ஹென்றி ஃபோண்டா நடித்த அமெரிக்க ஜனாதிபதி தன் சொந்த விமானத்தை அனுப்பி நியூயார்க் மீது குண்டு போடச் சொல்கிறார். அவர் மனைவி நியூயார்க்கில் இருக்கிறார். குண்டு போடப்போகிற ஜெனரலின் குடும்பமும் அங்கேதான். போட்டுவிட்டு அவர் தன் உயிரையும் முடித்துக்கொள்கிறார். கணக்குப் போட்டவரே கணக்குக்குள் வந்துவிட்டாரே, இப்போது என்ன சொல்வாய் என்று தலைவர் கேட்பார்.

அதில் இருக்கிற நேர்மைக்கு நான் தலை வணங்குகிறேன், இவ்வளவு நேரம் நான் சொன்ன படங்களிலேயே உங்கள் பக்கம் வலுவாக நிற்பது அதுதான். ஆனாலும் ஜனாதிபதி கொடுத்தது தன் மனைவியை, தன்னை இல்லை. அவர் வாஷிங்டனில் நிலவறைக்குள் டெலிபோனோடு இருக்கிறார். நியூயார்க் தெருவில் போய்க்கொண்டிருந்த யாரையும் அவர் கேட்கவில்லை. அப்புறம், அந்த விமானங்களைத் திருப்பி அழைக்கவே முடியாதபடி எந்திரத்தை வடிவமைத்து, அதற்கு ஒப்புதல் கொடுத்து, பணம் ஒதுக்கியவர்கள் யார்? குண்டு அவர்கள் தலையிலா விழுந்தது?

நடுவர் ஐயா இரண்டாவது மணியும் அடித்துவிட்டார். எதிரணித் தலைவருக்கு ஒரே ஒரு வேலை கொடுத்துவிட்டுப் போகிறேன். நீங்கள் பேச எழுந்ததும், சிலரைப் பலிகொடுக்க முடிவு செய்தவர் சீட்டு எழுதும்போது முதல் சீட்டில் தன் பெயரை எழுதி, மற்றவர் சீட்டோடு சேர்த்துக் குலுக்கிய படம் ஒன்றைச் சொல்லுங்கள் ஐயா. சொல்லிவிட்டு அப்புறம் எண்பதா ஒன்றா என்று எங்களைக் கேளுங்கள். நன்றி, வணக்கம்.